அந்தப் பெரியவருக்கும் ஓர் எம்பி உண்டு

"அரசாங்கம் என்றால் யார்?" என்பது இன்றைய கருத்தரங்கின் தலைப்பு. நான் சட்டம் படித்தவள் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகத் துறையில் பட்டயம் பெற்றவள். ஆகவே சட்ட நூலிலிருந்து தொடங்காமல், எங்கள் குடும்பத்திலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் மாமா மகனின் மோட்டார் சைக்கிள், சாலையைக் கடந்த பெரியவர் ஒருவர்மீது மோதியது. அவருக்குக் கை முறிந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. மாமா தேக்காவில் காய்கறிக் கடையில் வேலை செய்பவர். "ஏம்மா, நீ டிவியில பேசுற பொண்ணு. நல்லா ஒரு கடிதம் எழுது. எம்பி ஜட்ஜுகிட்ட சொல்லட்டும்" என்றார். எழுதினேன். அந்த வாரமே மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் சென்றோம்.

அங்கிருந்த தொண்டூழியர் கடிதத்தைப் படித்தார். "வீடு, வேலை, நிதியுதவி என்றால் சம்பந்தப்பட்ட அமைச்சுக்கு எழுதலாம், ஐயா. நீதிபதிக்கு எழுத முடியாது" என்றார். நீதிமன்றங்களுக்குக் கடிதம் எழுத வேண்டாம் என்று 2018ஆம் ஆண்டில் ஆளுங்கட்சி தன் உறுப்பினர்களுக்கு நினைவூட்டியிருந்தது. மாமாவுக்கோ கோபம். "நாம ஓட்டுப் போட்டவருக்கு இதுக்குக்கூட அதிகாரம் இல்லையா?" என்றார். என் மனத்திலும் அதே கேள்விதான்.

இதற்கு அமெரிக்கர்கள் 1787லேயே ஒரு விடை எழுதினார்கள். மன்னராட்சியை எதிர்த்து வென்ற அவர்கள், எல்லா அதிகாரமும் ஒரே கையில் சேர்வதற்கு அஞ்சினார்கள். சட்டம் இயற்றக் காங்கிரஸ், நிறைவேற்ற அதிபர், தீர்ப்பளிக்க நீதிமன்றம் என மூன்றாகப் பிரித்தார்கள். காங்கிரசின் மசோதாவை அதிபர் நிராகரிக்கலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் சேர்ந்தால் அந்த மறுப்பையும் மீறலாம். அரசமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என 1803ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் இந்த மூன்று துறைகள் உண்டு. லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால், அடுத்த நிலையமான தோபி காட்டில் இறங்கி இஸ்தானாவுக்கு நடக்கலாம். அதற்கடுத்த கிளார்க் கீயில் இறங்கினால் உச்ச நீதிமன்றமும் நாடாளுமன்றமும் நடைதூரம்தான்.

ஆனால் ஒரு வேறுபாடு. அமெரிக்க அமைச்சர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களாக இருக்க முடியாது. பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றும் நம் நாட்டில், பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களே. சட்டம் இயற்றுபவர்களும் நிறைவேற்றுபவர்களும் ஒரே அவையில் இருப்பதால், நீதித்துறை தனித்து நிற்பது இங்கே இன்னும் முக்கியம். அதனால்தான் உச்ச நீதிமன்ற நீதிபதியை நினைத்தவுடன் நீக்க முடியாது. தனி நடுவர் மன்றம் விசாரிக்க வேண்டும்.

இந்த எல்லைக்கோடு சோதிக்கப்பட்டதும் உண்டு. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டவர்களின் வழக்கில், எல்லா அதிகாரத்துக்கும் சட்ட வரம்பு உண்டு என்று 1988 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 1989 ஜனவரியில் நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தி, அத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் ஆராயக்கூடியதைச் சுருக்கியது. அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். அந்த உறுப்பினர்களை அனுப்புவது நாம்தான்.

மீண்டும் மாமாவிடம் வருகிறேன். அன்று வீடு திரும்பும் வழியில், அதுவரை பேசாமல் வந்த அத்தை கேட்டார்: "அடிபட்ட பெரியவருக்கும் ஒரு எம்பி இருப்பாருல்ல? அவரும் ஒரு கடிதம் எழுதினா?"

மாமா பதில் சொல்லவில்லை. நானும்தான். என் கடிதத்தில் மாமா மகனின் எதிர்காலம் இருந்தது, குடும்பக் கஷ்டம் இருந்தது. அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நீதிமன்றத்தில் மாமா மகன் தன் தவற்றைத் தானே ஒப்புக்கொண்டான். அபராதமும், வாகனம் ஓட்டத் தடையும் விதிக்கப்பட்டன. அந்தப் பெரியவரிடம் மாமா நேரில் மன்னிப்புக் கேட்டார்.

நம் நாடாளுமன்றத்தில் தமிழில் பேச அரசமைப்புச் சட்டமே இடம் தருகிறது. நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பாளர் உண்டு. மொழியை நினைத்துத் தயங்க வேண்டாம். உங்கள் எம்பியைச் சென்று பாருங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஆனால் நீதிபதியிடம் சொல்ல வேண்டியதை நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டும். நம் எதிரே நிற்பவருக்கும் அதுவே பாதுகாப்பு.