நேர்காணலில் துருவும் கேள்விகள்: எப்படிச் சமாளிப்பது?

(சங்கத்தின் வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் வேலை தேடும் பிள்ளைகளில் திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் இருக்கலாம். யாரையும் கை தூக்கச் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கும், நேர்காணல் மேசையின் மறுபக்கம் உட்காரும் உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

"கல்யாணம் ஆயிடுச்சா? ஏன் இன்னும் இல்லை?" இது நம் ஊரில் சர்வசாதாரணமான கேள்வி. வெளியூர் போவீர்களா, இரவு ஷிப்ட் பார்ப்பீர்களா என்பதைத் தெரிந்துகொள்ளவும் கேட்பார்கள். அதற்கே பதில் சொல்லுங்கள்: "எந்த ஊருக்கும் வரத் தயார் சார். ஷிப்ட் எப்படி இருக்கும்?" இதில் பொய்யும் இல்லை, சொல்ல விரும்பாததைச் சொல்லவும் இல்லை. மறுபடியும் துருவினால், "அது சொந்த விஷயம் சார், வேலையைப் பற்றிப் பேசலாமா?" என்று அமைதியாகச் சொல்லலாம். உங்களைப் பற்றிச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் முடிவு.

திருநங்கை, திருநம்பியருக்கு அந்த வசதி பல நேரம் இருக்காது. மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் இருக்கும். அரசிதழில் பெயர் மாற்றம் வந்திருந்தால் அதன் நகலைச் சான்றிதழ்களோடு வையுங்கள். முன்னதாகவே ஹெச்.ஆருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டால், நேர்காணல் நேரம் விளக்கம் சொல்வதிலேயே கரையாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019, வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு கூடாது என்கிறது. தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தன்பாலீர்ப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் தனியார் வேலையில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு அதுபோலத் தனிச்சட்டம் இல்லை. அதனால் அந்த நிறுவனத்தின் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையை முதலிலேயே படித்துவிடுங்கள்.

மோசமாக நடத்தினால், அன்றிரவே தேதி, கேட்டவர் பெயர், கேட்ட வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பிறகு புகார் கொடுக்க அதுதான் கைகொடுக்கும். பிரித்திகா யாஷினியின் எஸ்.ஐ. தேர்வு விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. அவர் உயர் நீதிமன்றம் போனார், 2015இல் தீர்ப்பு வந்தது, 2017இல் எஸ்.ஐ. ஆனார்.

எல்லோராலும் கோர்ட்டுக்குப் போக முடியாது. வீட்டுக் கஷ்டத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வேலையில் சேர்ந்தாலும் அது தோல்வி அல்ல. சேர்ந்துகொண்டே வேறு இடம் தேடுங்கள்.

கடைசியாக, ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் உங்களுக்கு: எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். வேலைக்குத் தேவையில்லாத கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள். வந்திருப்பது நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.