காலில் சுருளும் நரம்பு
காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புண் வந்தால் இறுக்கிக் கட்டுவது போதாதா, அறுவை எதற்கு என்கிறார்கள். நியாயமான கேள்விதான். நரம்பு என்று நாம் சொல்லும் இந்தச் சிரையின் வால்வு சரியாக மூடாததால் மேலேறும் ரத்தம் கீழிறங்கித் தேங்குகிறது. நாளடைவில் கணுக்காலருகே தோல் புண்ணாகிறது. 2004-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், கட்டு மட்டும் போட்டவர்களுக்கும் அதோடு அறுவையும் செய்துகொண்டவர்களுக்கும் புண் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் ஆறியது. ஆனால் ஓராண்டில் மீண்டும் புண் வந்தது முன்னவர்களில் 28 சதவீதம், பின்னவர்களில் 12. கட்டு புண்ணை ஆற்றும், வால்வைச் சரிசெய்யாது.

அறுவையில் அந்தச் சிரையை எடுத்துவிட்டால் ரத்தம் எப்படித் திரும்பும்? பெரும்பகுதி ஆழ்சிரைகள் வழியாகத்தான் போகிறது. பழுதான மேல்சிரை வெறும் பாரம். ஆழ்சிரை அடைத்திருந்தால் கதை வேறு, அதனால்தான் முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். இப்போது பலருக்குக் கத்திகூட வேண்டியதில்லை. லேசர் இழையைச் செலுத்திச் சிரையை உள்ளிருந்தே மூடிவிடுகிறார்கள்.