கோடித் துணியும் கைக்குழந்தையும்

(அகமதாபாத்தில் நடந்த மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மகளிர் கூட்டத்தில் ஒரு கிழவனுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். "பிறந்த குழந்தைக்குப் புதுத் துணியைத் துவைத்துத்தான் போட வேண்டுமா?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாளாம். இருவர் "ஆமாம்" என்றும், இருவர் "கோடியை நனைக்கலாமோ?" என்றும் சொல்ல, விவாதம் முடியவில்லையாம். நான் இந்த ஊரில் ஒரு மில்லில் முப்பத்திரண்டு வருஷம் சாயப் பிரிவில் இருந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதலில் என் தொழில் சம்பந்தமாகச் சொல்லிவிடுகிறேன். தறியிலிருந்து வருவது கோரா துணி. பாவு நூல் அறுந்து போகாமலிருக்க ஏற்கெனவே கஞ்சி போட்டிருப்போம். அந்தக் கஞ்சியை எடுக்க வேண்டும். பிறகு காஸ்டிக் சோடாவில் வேக வைத்து, பெராக்ஸைடில் வெளுத்து, சாயம் ஏற்றி, கடைசியில் ஸ்டென்டர் என்னும் இயந்திரத்தில் இழுத்துக் காயவைப்போம். அந்த இடத்தில்தான் துணிக்கு 'பினிஷ்' கொடுப்பது. மொடமொடப்பு வேண்டுமானால் ஒன்று, வழவழப்பு வேண்டுமானால் ஒன்று, கசங்காமலிருக்க வேண்டுமானால் ரெசின். இந்த ரெசின்களில் பலவும் பார்மால்டிஹைடு சேர்ந்தவை. கடையில் புதுத் துணிக் கட்டைப் பிரித்தால் சில சமயம் கண் கரிக்கிறதல்லவா? அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஜப்பான் 1973-லேயே இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆடையில் பார்மால்டிஹைடு ஏறக்குறைய இருக்கவே கூடாது என்பது அதன் கீழ் வந்த விதி. சில வகை அஸோ சாயங்களை ஜெர்மனி 1994-லும், நம் மத்திய அரசு 1997-லும் தடை செய்தன. அந்த நாட்களில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. ஆனால் சட்டம் இருப்பதாலேயே நடைபாதைக் கடையில் தொங்கும் ஜப்லா சுத்தம் என்று ஆகிவிடாது. ஒட்டாமல் நிற்கும் சாயம், கஞ்சி, கிடங்குத் தூசி, பத்துக் கை பட்ட அழுக்கு, எல்லாம் அதில் இருக்கும். பிறந்த குழந்தையின் தோலோ நம் தோலைவிட மெல்லியது. எடைக்கு அதன் தோல் பரப்பும் அதிகம். நமக்கு அரிப்போடு போவது அதற்குச் சிவந்து கொப்பளிக்கலாம்.

ஆகவே துவைக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நான் இன்று சொல்ல வந்தது இது மட்டுமில்லை.

என் பெண் முதல் பிரசவத்துக்கு எங்கள் அகத்துக்கு வந்தது 2006-ல். பிள்ளைக் குழந்தை. அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே நான் தயார். வாங்கிய ஜப்லா, லங்கோடு, விரிப்பு எல்லாவற்றையும் மூன்று தண்ணீர் அலசி, வெயிலில் காயப்போட்டு, மடித்து வைத்தேன். "முப்பது வருஷம் மில்லில் துணி அலசியது போதாதா?" என்று என் மனைவி சிரிப்பாள்.

பத்து நாள் பழைய வேஷ்டித் துணியிலேயே போயிற்று. அது நம் பெரியவர்கள் கண்ட நல்ல வழக்கம். நூறு முறை துவைத்த மல் வேஷ்டியில் எந்த பினிஷும் மிச்சமிருக்காது. பதினோராம் நாள் புண்யாஹவாசனம். சம்பந்தி மாமி சேலத்திலிருந்து கோடித் துணி கொண்டுவந்திருந்தார். நான் அதைத் துவைக்க எடுத்தேன். மாமிக்கு முகம் மாறிவிட்டது.

"நனைச்சா அது கோடி ஆகுமோ? முதல் பேரன். சுபத்துக்கு அலசின துணியா?"

எனக்கும் பிடிவாதம். வாத்தியார்தான் சமாதானம் செய்தார். "கோடியை மஞ்சள் தடவி, தாம்பாளத்திலே வெச்சு, குழந்தை மேலே தொட்டு எடுத்துடுங்கோ. உடுத்தறது அலசினதாவே இருக்கட்டும். ஆசீர்வாதத்துக்கு ஒரு குறையும் வராது."

இந்த வார்த்தையை நீங்கள் அவசியம் குறித்துக்கொள்ள வேண்டும். கோடி வேண்டும் என்பவருக்கும் அலச வேண்டும் என்பவருக்கும் அது பொதுவான வழி.

ஆனாலும் மாமியின் மனம் ஆறவில்லை என்று பட்டது. அவரைக் குளிர்விக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. என் அம்மாவின் ஒன்பது கஜம் பட்டுப்புடவை இரும்புப் பெட்டியில் இருந்தது. கொள்ளுப் பாட்டியின் புடவையில் குழந்தையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் சந்தோஷம். மாமியும் உடனே சம்மதித்தார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையை அதில் சுற்றி, அன்று முழுவதும் அதிலேயே தூங்க வைத்தோம். இரவும் அதுதான் போர்வை.

பட்டை யாரும் துவைப்பதில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்தப் பெட்டியில் வருஷா வருஷம் பாச்சை உருண்டை போட்டு வைத்தவன் நானே.

பதின்மூன்றாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. கண்ணில் மஞ்சள். லங்கோட்டில் சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் கறை படிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழந்தை வைத்தியர் கேட்ட இரண்டாவது கேள்வி, "வீட்டில் நாப்தலின் உருண்டை வைத்த துணி எதையாவது போட்டீர்களா?" என்பது. எனக்குக் கால் தளர்ந்து விட்டது.

அவர் விளக்கினார். ரத்தத்தின் சிவப்பணுக்களைக் காப்பாற்ற ஜி-6-பி-டி என்று ஒரு நொதி உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. பெரும்பாலும் அவர்கள் சாதாரணமாகவே வாழ்வார்கள், பலருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் நாப்தலின் போன்ற சில பொருட்கள் உடம்பில் சேர்ந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். ரத்தம் குறையும், மஞ்சள் காமாலை ஏறும். அது அளவு கடந்து ஏறினால் கைக்குழந்தையின் மூளையைப் பாதிக்கும். நாப்தலின் ஆவி மூச்சிலும் போகும், தோல் வழியாகவும் போகும். அது எண்ணெயில் கரையும் பொருள், ஆகவே எண்ணெய் தடவிய தோலில் இன்னும் சுலபமாக ஊறும்.

மூன்று நாள் குழந்தை நீல விளக்கின் கீழ் இருந்தது. ரத்தமும் ஏற்றினார்கள். அந்த மூன்று நாளும் சம்பந்தி மாமி வராந்தாவில் உட்கார்ந்து, "என் பிடிவாதத்தாலேதானே இப்படி ஆச்சு" என்று அழுதார். நான் பதில் சொல்லவில்லை. தெரிந்தே அவரை அழ விட்டேன். அந்த மௌனத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பகவான் கிருபையில் குழந்தை பிழைத்தது. இந்தப் பரிசோதனையைச் சிவப்பணுக்கள் உடையும் சமயத்தில் செய்தால் சரியாகக் காட்டாமல் போகலாமாம். ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபடி செய்தார்கள். குறைபாடு உறுதியாயிற்று. இது தாய் வழியாகப் பிள்ளைக்கு வருவது என்றார் வைத்தியர். அப்போது எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவு வந்தது. 1974-ல் எனக்கு மலேரியா வந்து, அதற்குக் கொடுத்த மாத்திரையில் சிறுநீர் கறுத்துப் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். நானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எனக்கும் இருந்தது. தகப்பனிடமிருந்து இது பிள்ளைக்குப் போகாது, பெண்ணுக்குப் போகும். பெண்ணிடமிருந்து அவள் பிள்ளைக்கு வரலாம். உருண்டை போட்டதும் என் கை, குறைபாடு வந்ததும் என் வழி.

அன்றே சேலத்துக்குப் போன் செய்து மாமியிடம் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குழந்தை நன்னா இருக்கானோல்லியோ, அது போதும்" என்றார். நான் அவரை அழ விட்ட மூன்று நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. புதுத் துணியைச் சீட்டு, பின் எல்லாம் எடுத்துவிட்டு, வாசனை இல்லாத மென்மையான சோப்பில் தனியாகத் துவைத்து, இரண்டு தண்ணீர் அதிகமாகவே அலசுங்கள். சாயம் போகும் வரை அந்தத் துணி வேண்டாம். கிருமிநாசினித் திரவமும், துணியை மிருதுவாக்கும் திரவமும் தேவையில்லை. வெயிலில் உலர்த்துங்கள். மும்பை, கல்கத்தா மழைக்காலத்தில் ஈரம் போக இரு பக்கமும் இஸ்திரி போடுங்கள். கையுறை, காலுறைகளை உள்பக்கம் திருப்பிப் பார்த்துத் தொங்கும் நூலைக் கத்தரியுங்கள். அந்த நூல் குழந்தையின் விரலில் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும்.

பெட்டித் துணியைக் கைக்குழந்தைக்குப் போடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நாப்தலினுக்கு வெறும் துவைப்பு போதாது. தில்லி, சண்டிகரில் இருப்பவர்கள் குளிர்காலத் தொடக்கத்தில் கம்பளியை எடுக்கும்போது இதை முக்கியமாக நினைவில் வையுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் உருண்டையே வேண்டாம், குளியலறையிலும் வேண்டாம். அதற்குப் பதில் கற்பூரம் போடாதீர்கள், அதுவும் குழந்தைக்கு நஞ்சு. உலர்ந்த வேப்பிலை போதும். குழந்தைக்கு மருதாணி இடுவதையும் தவிர்த்துவிடுங்கள். இந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது. முடிந்தால் பிறந்தவுடன் ஜி-6-பி-டி பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தம்தான்.

பேரன் இன்று கல்லூரியில் படிக்கிறான். அவன் உட்கொள்ளக் கூடாத மருந்துகளின் பட்டியல் எப்போதும் அவன் பையில் இருக்கும். அம்மாவின் புடவையும் இருக்கிறது. பல மாதம் மாடியில் காற்றாட விட்டு, இப்போது வேப்பிலையோடு வைத்திருக்கிறோம். அவன் கல்யாணத்துக்கு அதை எடுக்க வேண்டும் என்பது சம்பந்தி மாமியின் ஆசை. அடுத்த கொள்ளுப் பேரன் வரும்போது அது பெட்டியிலேயே இருக்கட்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.