சிறு வணிகருக்குச் சொந்தச் சின்னம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் சமயமும் பேசப்பெறுகின்றன. நம் குடியிருப்பில் பலர் சிறுதொழில் செய்து குடும்பம் நடத்துபவர். ஆதலின், இவ்வாண்டு அவர்கட்குப் பயன்படும் ஒரு பொருளைப் பேச விழைந்தோம். குறைந்த செலவில் ஒரு வியாபாரச் சின்னத்தைப் பெறுவது எங்ஙனம்? அதனைப் பிறர் கவராமல் காத்துக்கொள்வது எங்ஙனம்? இவ்விரண்டே எமது உரையின் பொருள்.

சின்னம் தமிழர்க்குப் புதிதன்று. சேரர்க்கு வில், சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்திய இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று குறிக்கப்பெறுவது நம் நிக்கோபார்த் தீவே. அச்சோழன் காலத்துச் செப்பேட்டு முத்திரையில் அமர்ந்த புலியும், இரு கயல்களும், வில்லும் ஒருங்கே விளங்குகின்றன. எழுத்தறியாதவனும் அம்முத்திரையைக் கண்டு, இஃது இன்னாருடைய ஆணை என்று தெளிந்தான். அன்று அரசனுக்கு முத்திரை செய்த பணியை இன்று வணிகனுக்கு அவனுடைய சின்னம் செய்கின்றது.

நம் தீவுகளில் இத்தேவை இருமடங்காகும். நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற தலைநகரின் அபர்தீன் கடைவீதியில் ஒரு நாழிகை நின்று பாருங்கள். வங்காளமும் இந்தியும் தெலுங்கும் மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்கும். நாம் தமிழில் எழுதிய பெயரை அவர்களுள் பலர் படிக்க இயலாது. ஆயின், படத்தை எவரும் படிப்பர். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று வந்தபின் வளர்ந்த சிவகாசி, இவ்வுண்மையை நன்கு உணர்ந்த ஊர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டிய படங்களே அவற்றின் பெயராயின. "சேவல் மார்க் கொடு" என்று கேட்டு வாங்கிய மக்கள் அதன் உற்பத்தியாளர் பெயரை அறிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

இத்தகைய சின்னம் பிறருடையதைப் போன்று இருந்துவிட்டால் விளைவு யாது? அதற்கு நம் சென்னை நகரத்து வழக்கொன்றே சான்று. 'ஸ்ரீ அம்பாள்' என்னும் பெயரில் மூக்குப்பொடி விற்ற நிறுவனம் அப்பெயரைப் பதிவு செய்திருந்தது. மூக்குப்பொடி வணிகர் வேறொருவர் 'ஸ்ரீ ஆண்டாள்' என்னும் பெயரும் படமும் கொண்ட சீட்டினைப் பதிய விண்ணப்பித்தார். அம்பாள் சிவபெருமானின் துணைவி. ஆண்டாளோ அரங்கனை அடைந்த நாச்சியார். தெய்வமும் வேறு, படமும் வேறு. எனினும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1969-இல் ஆண்டாள் சீட்டுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. சின்னத்தைக் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் ஒப்பிடவேண்டும். தென்னாட்டு இந்துக்கள் வேற்றுமையை உணர்வர். பிற சமயத்தாரும் பிற நாட்டினரும் உணர்வர் என்று கூற இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பல மொழியினரும் பல சமயத்தினரும் கூடி வாழும் நம் தீவுகளுக்கு இதனினும் பொருந்திய பாடம் வேறுண்டோ?

ஆகவே, மலிவான சின்னம் வேண்டுமென்று பிறர் படத்தை எடுத்தாள்வதே மிக விலையுயர்ந்த வழியாகும். ஐந்தாண்டு உழைத்துப் பெயர் பெற்ற பின்னர் "இது எம்முடையது" என்று ஒருவர் வந்து நின்றால், பலகை போகும், பை போகும், அச்சடித்த உறைகள் போகும். அவை போனாற் போகட்டும். வாடிக்கையாளர் மனத்தில் பதிந்த அடையாளமும் உடன் போய்விடுமே! அதனை எந்த அச்சகத்தில் மீண்டும் அடிப்பது?

சொந்தச் சின்னத்திற்குப் பெரும்பணம் வேண்டுமோ என்று அஞ்சற்க. 1971-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரில் கரோலின் டேவிட்சன் என்னும் மாணவி, ஒரு காலணி நிறுவனத்துக்கு 35 டாலர் கூலிக்கு வளைகோடு ஒன்றை வரைந்து கொடுத்தார். உலகெங்கும் இன்று காணும் நைக்கி சின்னம் அதுவே. நிறுவனம் வளர்ந்தபின், 1983-இல், அவருக்குப் பங்குகளை அளித்துச் சிறப்பித்தது. சின்னத்தின் மதிப்பை அதற்குக் கொடுத்த கூலி அளிப்பதில்லை. அதன்பின் நிற்கும் உழைப்பே அளிக்கின்றது.

இனி, செய்யும் முறைக்கு வருவோம். ஓவியரிடம் செல்லுமுன் ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதுக. நாம் விற்பது யாது? வாங்குபவர் யாவர்? பிறரிடம் இல்லாது நம்மிடம் இருப்பது யாது? மூன்றாம் விடையிலேயே சின்னம் ஒளிந்திருக்கின்றது. தேங்காயெண்ணெய் விற்பவர் அனைவரும் தென்னையை வரைவர். தையற்கடையினர் அனைவரும் கத்தரிக்கோலை வரைவர். அவை தொழிலைக் காட்டுமேயன்றி ஆளைக் காட்டா. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் உழைத்த குடும்பத்தார் வழியில் ஒருவர் கடை வைக்கின்றார் எனக் கொள்வோம். பால் வடியும் சிரட்டையே அவர்க்குச் சின்னமாகலாம். அப்படத்தின் பின்னால் ஒரு குடும்பத்தின் வரலாறு நிற்கும்.

அடுத்து, எளிமை. ஒரே நிறத்தில், ஒரு ரூபாய் நாணய அளவில், ரப்பர் முத்திரையாகக் குத்திப் பாருங்கள். அப்போதும் தெளிவாகத் தெரிவதே நல்ல சின்னம். நாணயம் என்றவுடன் நினைவுக்கு வருகின்றது: 2010-இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். சில கோடுகளால் ஆன அவ்வுருவைச் சிறு குழந்தையும் மணலில் எழுதிவிடும்.

வரைபவரைத் தேடிக் கடல் கடக்க வேண்டா. பலகை எழுதும் ஓவியரும், ஓவியம் பயிலும் மாணவரும், பள்ளியின் ஓவிய ஆசிரியரும் நம்மிடையே உளர். கணிப்பொறியில் இலவசமாகக் கிடைக்கும் ஆயத்தப் படங்கள் நமக்கு மட்டும் உரியன அல்ல. அதே படம் ஆயிரம் கடைகளில் தொங்கும். எந்திர அறிவு நொடிப்பொழுதில் வரைந்து தரும் படத்திலும் கருத்தாயிருத்தல் வேண்டும். மனிதர் கை படாது எந்திரமே ஆக்கிய படத்திற்குப் பதிப்புரிமை இல்லை என்று 2023-இல் அமெரிக்க நீதிமன்றமொன்று தீர்ப்பளித்துள்ளது.

கூலி கொடுத்துவிட்டோம், படம் நமதே என்று எண்ணிவிடாதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருதல் எழுத்தில் இருந்தாலன்றிச் செல்லாது. கால அளவு குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். ஆகவே, "முழு உரிமைக் காலத்துக்கும், எல்லா நாடுகளுக்கும்" என்று தெளிவாக எழுதி, ஓவியரின் கையொப்பம் பெறுக. அவர் நம் உறவினரே ஆயினும் இஃது வேண்டும். உறவும் கெடாது, உரிமையும் கெடாது.

இறுதியாகப் பதிவு. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்கீழ், நம் தீவுகள் கொல்கத்தா பதிவகத்தைச் சார்ந்தவை. ஆயினும் கப்பல் ஏற வேண்டா. இணையத்தின் வழியே விண்ணப்பிக்கலாம். அதற்குமுன் ஒத்த பெயருண்டா என்று பதிவகத்தின் பட்டியலில் கட்டணமின்றித் தேடுக, ஒலியாலும் தேடுக. தனியாருக்கும் சிறுதொழிலாருக்கும் இணைய வழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய். ஏனையோர்க்கு 9,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பித்த அளவில் டி.எம். என்னும் எழுத்துகளைச் சின்னத்தின் அருகே இடலாம். வட்டத்துள் ஆர் எழுத்தையோ பதிவு கிடைத்த பின்னரே இடவேண்டும். முன்னரே இடுதல் தண்டனைக்குரிய குற்றம்.

சில பெயர்களும் படங்களும் விலக்கு. 'தூய எண்ணெய்' என்பது போன்று பொருளின் தன்மையை மட்டும் கூறும் சொல்லும், 'அந்தமான்' என்னும் இடப்பெயரும் எல்லார்க்கும் பொது. அவற்றைத் தனியே ஒருவர்க்கு உரிமையாக்குதல் அரிது. அசோகச் சக்கரமும் காந்தியடிகளின் உருவமும் வணிகத்துக்கு ஆகா என்பது 1950-ஆம் ஆண்டுச் சட்டம்.

தாய்மார்களே! அடுப்படியில் ஊறுகாயும் பொடியும் செய்து விற்கும் உங்கட்கே யாம் சிறப்பாகக் கூறுவது இது. கைப்பக்குவம் உங்களுடையது, புட்டியின்மேல் உள்ள படம் மட்டும் ஏன் இரவலாக வேண்டும்? கடல் கடந்து வந்த நம் முன்னோர் நமக்கு நிலமும் பொன்னும் மிகுதியாக விட்டுச் சென்றாரல்லர். உழைத்து ஈட்டிய நற்பெயரையே விட்டுச் சென்றனர். அந்நற்பெயர்க்கு ஓர் உருவம் கொடுத்து, அதனை நம் மக்கள் பெயரால் காத்து வைப்போமாக.