கல்லறைத் தோட்டத்தின் பழைய வாசல்



நம் ஊர் வழக்கத்தில் பாடை வீட்டை விட்டுப் புறப்பட்டால் நேராகக் குழிக்குப் போய்விடுவதில்லை. பல ஊர்களில் சுடுகாட்டை நெருங்கியதும் அதை இறக்கி வைப்பார்கள். தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றித் திருப்பி, மறுபடி தூக்குவார்கள். தமிழ்நாட்டில் அந்த இடத்தில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல்லோ சிறு கோவிலோ இருப்பதுண்டு. சத்தியத்துக்காக மயானம் காத்த மன்னன் அல்லவா அவன்! அதுவரை உறவினர் உலகம். அதற்கு அப்பால் இறந்தவர் உலகம். இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல் வேண்டும் என்று மனித மனம் கேட்கிறது.

இங்கிலாந்துக் கிராமங்களிலும் இதே எண்ணம் உண்டு. அங்கே தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் முகப்பில் கூரை போட்ட ஒரு வாசல் இருக்கும். சவப்பெட்டியை அங்கே இறக்கி வைத்தால் பாதிரியார் எதிர்கொண்டு வந்து உள்ளே அழைத்துச் செல்வார்.

இத்தகைய பழைய வாசல் ஒன்றைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஸ்கூடாயிலிருந்து ஜொகூர் பாரு. 1924இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். நகரின் நடுவே கேனிங் கோட்டைக் குன்று நிற்கிறது. அதன் சரிவில் 1822 முதல் 1865 வரை கிறிஸ்துவர்களின் கல்லறைத் தோட்டம் இருந்தது. 1846ஆம் ஆண்டில் அதற்கு இரண்டு வாசல்கள் எழுந்தன. வடிவமைத்தவர் கேப்டன் சார்லஸ் எட்வர்ட் பேபர் என்ற பொறியாளர். சிங்கப்பூரில் பேபர் மலை என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்தப் பெயர் இவருடையதுதான்.

வாசல்கள் செங்கல்லால் கட்டிச் சாந்து பூசியவை. அவற்றின் வளைவைப் பாருங்கள். வட்டமாக இல்லை, உச்சியில் கூராக முடிகிறது. இதைக் கோதிக் பாணி என்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வளர்ந்த கலை இது. ஏன் கூர்மை? வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இப்போதே செய்து பார்க்கலாம். இரண்டு கைகளின் விரல் நுனிகளையும் சேர்த்துக் கூரை போல் வையுங்கள். விரல்களைத் தட்டையாகச் சாய்த்து மேலிருந்து ஒருவர் அழுத்தினால் கைகள் பக்கவாட்டில் விலகும். விரல்களைச் செங்குத்தாக நிமிர்த்தினால், அதே அழுத்தம் பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கும். கூர்வளைவும் அப்படித்தான். சுவரை வெளியே தள்ளும் விசை குறைகிறது. பாரம் தரைக்குப் போகிறது.

வாசலின் மேல் ஐ, எச், எஸ் என்று மூன்று எழுத்துகள் இருக்கின்றன. இயேசு என்ற பெயரின் கிரேக்க வடிவத்தில் முதல் மூன்று எழுத்துகள் அவை.

அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு நம் நாட்டுக் கைகள் நிறைய உழைத்தன. 1856இல் அடிக்கல் நாட்டப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் இவற்றைக் குழைத்துப் பூசி, கல் போலப் பளபளக்கத் தேய்ப்பார்கள். பேராலயம் இன்றும் நிற்கிறது. ஆனால் கட்டிய கைகளுக்கு உரியவர் பெயர்களை யார் அறிவார்?

இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பேச்சுக்கு அழைத்து வந்தது. கேனிங் குன்றில் ஏறக்குறைய 600 பேர் அடக்கமானார்கள். மூன்றில் ஒரு பங்கினர் சீனக் கிறிஸ்துவர்கள். பிற்காலத்தில் கல்லறைகள் அகற்றப்பட்டு அந்த இடம் புல்வெளியாயிற்று. பெயர் வெட்டிய கற்கள் பலவற்றைச் சுற்றுச்சுவரில் பதித்து வைத்தார்கள். கல்லில் பெயர் இருந்தவர் சுவரில் நிற்கிறார். கல் இல்லாதவர் புல்லோடு புல்லானார்.

நம் தோட்டத்து இடுகாடுகளை எண்ணிப் பாருங்கள். வாசல் ஏது, மதில் ஏது? ஒரு மண்மேடு, ஒரு மரக்கட்டை, நட்டு வைத்த ஒரு செடி. என் பாட்டியை அப்படித்தான் அடக்கம் செய்தார்கள். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடுகள் வந்தன. என் தந்தையார் என்னை அழைத்துக்கொண்டு போய்த் தேடினார். "இந்த ஓடைக்குப் பக்கத்தில்தான்" என்றார். ஓடையே அங்கு இல்லை. கொண்டுபோன மாலையைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசல் கட்ட நம்மிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கப் பணம் உண்டு. தாத்தா பாட்டியின் பெயர், அவர்கள் தகப்பனார் பெயர், வந்த ஊர், பால் வெட்டிய தோட்டம், இறந்த நாள், அடக்கம் செய்த இடம், அருகிலுள்ள அடையாளம் இத்தனையையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் கிடக்கும் இறப்புப் பத்திரத்தையும் அதோடு சேர்த்து வையுங்கள். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்; நாளைக்கு என்றால் நாள் போய்விடும்.

எழுதப் பிள்ளைகளுக்கு நாங்கள் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். என்ன எழுதுவது என்பதை வீட்டிலுள்ள நீங்கள்தான் சொல்ல வேண்டும்.