காரின் மேல் பறவை எச்சம்: வாக்ஸும் சீலன்ட்டும் எவ்வளவு காக்கும்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கார் பெயின்ட் ஷாப்பில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன கூட்டத்தில் ஒரு கோரிக்கை வந்தது. பார்க்கிங் ஓரத்தில் இருக்கும் இரண்டு புங்க மரங்களையும் வேப்ப மரத்தையும் வெட்டிவிட வேண்டும், காக்கையும் மைனாவும் புறாவும் கார்களை நாசம் செய்கின்றன என்று பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இன்னும் சிலர், “மரத்தை எதற்கு வெட்டணும்? நல்ல கோட்டிங் போட்டால் எச்சம் ஒன்றும் செய்யாது” என்றார்கள். பேச்சு கொஞ்சம் சூடாகி, முடிவெடுக்காமல் கலைந்தோம். படி இறங்கும்போது செயலாளர், “சார், நீங்க அந்தத் தொழிலில் இருந்தவர். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசுங்க” என்றார். அதுதான் நான் இங்கே நிற்கும் காரணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாக்ஸ், சீலன்ட், செராமிக் எது போட்டாலும் எச்சத்தின் சேதம் முழுதாக நிற்காது. அவை நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்துக்குள் எச்சத்தை எடுக்கிறோமா, எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் பெயின்ட்டின் ஆயுள் இருக்கிறது.

இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். போன ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு ரயிலில் கும்பகோணம் போனோம். கார் இங்கேயே வெயிலில் நின்றது. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்புதான் என் கையாலேயே வாக்ஸ் போட்டிருந்தேன். நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால், பானெட்டில் நாணயம் அளவுக்கு மூன்று எச்சம், சுண்ணாம்பு போலக் காய்ந்து கிடந்தது. ஊறவைத்ததும் சுலபமாக வந்துவிட்டது. அது வாக்ஸின் புண்ணியம். ஆனால் அடியில் மூன்று மங்கல் வட்டம். சாய்ந்து பார்த்தால் இன்றும் தெரியும். வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள்.

எச்சம் ஏன் பெயின்ட்டைக் கெடுக்கிறது? பறவைக்குச் சிறுநீர் தனி, மலம் தனி என்று வெளியேறுவதில்லை. இரண்டும் ஒரே வழியில் ஒன்றாக வரும். அதில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் யூரிக் அமிலம். கறுப்பாகவோ பச்சையாகவோ நடுவில் இருப்பது உணவின் மிச்சம். அதில் செரிமான நொதிகளும் விதைத் துணுக்குகளும் மண்ணும் இருக்கும்.

அமிலம் என்றதும் பேட்டரி ஆசிட் போல நினைக்க வேண்டாம். யூரிக் அமிலம் வீரியம் குறைந்தது. தண்ணீரில் சரியாகக் கரையக்கூடச் செய்யாது. டெஹ்ரானில் உள்ள அமீர்கபீர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் கார் பெயின்ட்டின் மேல் நிஜ எச்சத்தையும், அதற்கு இணையாகப் பான்கிரியாட்டின் என்னும் செரிமான நொதிக் கலவையையும் வைத்துச் சோதித்தார்கள். பெயின்ட்டின் மேல்பரப்பில் உள்ள ரசாயனப் பிணைப்புகளை நொதிகள் உடைக்கின்றன என்று கண்டார்கள். நம் வயிற்றில் சோற்றைச் செரிக்கிற அதே வகை வேலைதான் பானெட்டின் மேலும் நடக்கிறது.

இரண்டாவது காரணம் வெயில். ஆட்டோகிளிம் என்ற பிரிட்டன் கார் பராமரிப்புப் பொருள் நிறுவனம் இதை விளக்கியிருக்கிறது. சூட்டில் பெயின்ட்டின் மேல் அடுக்கு இளகி விரியும். மாலையில் குளிரும்போது இறுகிச் சுருங்கும். அப்போது மேலே காய்ந்து ஒட்டியிருக்கும் எச்சத்தின் மேடுபள்ளம் அப்படியே அச்சாகப் பதிந்துவிடும். பளபளவென்று இருந்த இடம் சொரசொரப்பாவதால் வெளிச்சம் சிதறி, மங்கலாகத் தெரிகிறது. கறுப்பு, நீலம், மெரூன் கார்கள் அதிகம் சூடாகும். அவற்றில் கறை பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரில் அவ்வளவாகத் தெரியாது.

அந்த மேல் அடுக்கு எவ்வளவு கனம் என்று நினைக்கிறீர்கள்? தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாகக் கிளியர் கோட் என்று எல்லாம் சேர்ந்தே சாதாரணமாக 100 முதல் 130 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். அதில் கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 40 மைக்ரான், நம் தலைமுடியைவிட மெல்லியது. கறையை எடுக்க மெஷின் பாலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் இதில் சில மைக்ரான் தேய்ந்து போகும். வருஷா வருஷம் பாலிஷ் போட்டுக்கொண்டே இருக்க முடியாது.

இப்போது பூச்சுகளுக்கு வருவோம்.

வாக்ஸ்: நல்ல வாக்ஸில் இருப்பது கார்னோபா மெழுகு. பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. சுமார் 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் டப்பாவில் வருவது எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் சேர்ந்த கலவை. நம் சித்திரை வெயிலில் ஒன்று, ஒன்றரை மாதம் நின்றால் அதிகம். காரின் மேல் இது ஒரு மைக்ரான்கூட இருக்காது. எச்சம் நேரடியாகப் பெயின்ட்டில் ஒட்டாமல் சில மணி நேரம் தாங்கும். எடுக்கும்போது வழுக்கிக்கொண்டு வரும். அவ்வளவுதான்.

சீலன்ட்: இது செயற்கைப் பாலிமர். வெயிலையும் ஷாம்பூவையும் வாக்ஸைவிட நன்றாகத் தாங்கும். நான்கு முதல் ஆறு மாதம் வரும். எச்சத்துக்கு எதிராகக் கிடைக்கும் அவகாசமும் கொஞ்சம் கூடுதல். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். செலவுக்கும் பலனுக்கும் பொருத்திப் பார்த்தால், திறந்த பார்க்கிங்கில் நிற்கும் நம் கார்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

செராமிக் கோட்டிங்: ஆயிரக்கணக்கில் செலவாகும். சரியாகப் போட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். ரசாயனத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதுவும் ஒன்றிரண்டு மைக்ரான் கனம்தான். அடியில் இளகுவதும் சுருங்குவதும் அதே கிளியர் கோட்தான். ‘9எச் கடினம்’ என்று விளம்பரத்தில் வரும். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கீறலுக்கும் எச்சக் கறைக்கும் சம்பந்தமில்லை. போடுபவர் கொடுக்கும் வாரன்டி அட்டையைப் படித்துப் பாருங்கள். பறவை எச்சத்துக்குப் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம்: இது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரிதேன் தாள். இதைத்தான் நிஜமான தடுப்பு என்று சொல்லலாம். கறை பட்டாலும் ஃபிலிமில்தான் படும், பெயின்ட்டுக்குப் போகாது. ஆனால் முழுக் காருக்கும் ஒட்டினால் செலவு ஒரு பழைய ஸ்கூட்டர் விலையைத் தாண்டிவிடும்.

பூச்சு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்க வேண்டும். படர்ந்து வழிந்தால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். பாத்திரம் கழுவும் லிக்விடில் கார் கழுவினாலும், பளபளப்புக்காக டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைத்தாலும் வாக்ஸ் அன்றே போய்விடும்.

எச்சத்தை எடுக்கும் விதம்தான் முக்கியம். காய்ந்ததை நகத்தால் சுரண்டாதீர்கள், உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உள்ளே இருக்கும் விதையும் மணலும் உப்புத்தாள் போலக் கீறிவிடும். தூள் பறந்தால் மூக்குக்கும் நல்லதல்ல. நனைத்த துணியையோ டிஷ்யூவையோ மேலே போட்டு ஐந்து, பத்து நிமிஷம் ஊற விடுங்கள். பிறகு தேய்க்காமல் அப்படியே தூக்குங்கள். மிச்சத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீரை அப்படியே காய விட்டால் அதுவும் வெள்ளைப் புள்ளி போடும். அதனால் ஒற்றுவது அவசியம்.

இங்கே ஒரு வேண்டுகோள். காலையில் கார் துடைக்க வரும் தம்பியைப் பலர் திட்டுகிறீர்கள். ஒரு பக்கெட் தண்ணீர், ஒரே துணி, இருபது கார் என்றால் அவர் என்ன செய்வார்? காய்ந்ததைத் தேய்க்கத்தான் செய்வார். ஆளுக்கு ஒரு துணி வாங்கிக் கொடுங்கள். ஊற வைக்க அவருக்கு நேரமும் கொடுங்கள்.

இனி மரத்துக்கு வருகிறேன். மரம் போனால் எச்சம் நிற்கும் என்று நினைக்கிறோம். மரம் போனால் பறவைகள் நம் மாடிக் கைப்பிடியிலும், கேபிள் ஒயரிலும், தண்ணீர்த் தொட்டியிலும் உட்காரும். எச்சம் அங்கிருந்து விழும். கூடவே நிழல் போய்விடும். நிழலில் நிற்கும் காரின் தகடு அவ்வளவு சூடாகாது. நான் சொன்ன அந்த இளகிச் சுருங்கும் வேலை அங்கே மெதுவாகத்தான் நடக்கும். மரத்தடியில் நிறைய எச்சம் விழுகிறது, உண்மைதான். ஆனால் வெட்டவெளியில் விழுகிற ஒரு எச்சம் அதைவிட வேகமாகக் கறையாகிறது. என் காரில் அந்த மூன்று வட்டமும் மரத்தடியில் வந்தவை அல்ல.

நம் பக்கத்தில்தான் வேடந்தாங்கல் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கிக்காரர்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைப் பாதுகாக்க உத்தரவு வாங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது இதே எச்சம்தான். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் போடுகிற எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகப் போனது. வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டுமே 2022இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கு நல்லது பெயின்ட்டுக்கு ஆகவில்லை என்பதற்காகப் பறவையைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சங்கத்துக்கு மூன்று யோசனை. ஒன்று, கார்களுக்கு நேர் மேலே நீளும் கிளைகளை மட்டும், கூடு இல்லாத நேரம் பார்த்துக் கழிக்கலாம். இரண்டு, வாட்ச்மேன் அறை வாசலில் இரண்டு ஸ்பிரே பாட்டில், ஒரு கட்டு சுத்தமான துணி வைக்கலாம். மூன்று, ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். நாம் இல்லாதபோது அவர்கள் ஒரு ஈரத்துணி போட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. திருமழிசை ஆழ்வாரும் கணிகண்ணனும் காஞ்சியை விட்டுப் புறப்பட்டபோது, பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து இங்கே ஓர் இரவு தங்கினார், ‘ஓர் இரவு இருக்கை’தான் ஓரிக்கை ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெருமாள் ஓர் இரவு தங்கினார், ஊருக்குப் பெயர் நிலைத்தது. எச்சம் ஓர் இரவு தங்கி மறுநாள் வெயிலைப் பார்த்தால், காரில் தடம் நிலைத்துவிடும். அதைத் தங்க விடாதீர்கள்.

(உரைக்குப் பின் நடந்த விவாதத்தில் கிளை கழிப்பதும் ஸ்பிரே பாட்டில் வைப்பதும் ஏற்கப்பட்டன. மரங்களை வெட்டும் கோரிக்கை அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வரும். குடியிருப்பாளர்கள் அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்.)