தோழியர் சிரிப்பும் திருமண வீடும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது 1931இல். இன்று செங்கற்பட்டிலிருந்து வரும் காலை வண்டியின் மகளிர் பெட்டியில் பெருங்களத்தூரில் ஏறுவோர்க்கு ஒரு காட்சி புதிதன்று. அடுத்த வாரம் மணமாகவிருக்கும் ஒருத்தியை நடுவில் அமர்த்தி, அலுவலகத் தோழியர் நால்வர் காதோடு காதாக ஏதோ சொல்ல, பெட்டியே அதிரச் சிரிப்பு எழும். அவர்கள் சொன்னது அச்சேறாது, அவை ஏறாது. இறங்க வேண்டிய நிலையம் வந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாயையும் சரிசெய்துகொண்டு இறங்குவர். பெட்டிக்குள் எழுந்த அச்சிரிப்பு வெள்ளித்திரைக்கு வந்தால் என்ன நிகழ்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

2018 சூன் முதல் நாள் ‘வீரே தி வெட்டிங்’ என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. சசாங்க கோசு இயக்கியது. கரீனா கபூர், சோனம் கபூர், சுவரா பாசுகர், சிகா தல்சானியா ஆகிய நால்வரும் பள்ளித் தோழியராக நடித்தனர். ஒருத்திக்கு மணம் உறுதியாகிறது; அவளுக்கோ மணவாழ்க்கையே அச்சம். மற்றொருத்தி மணமுறிவு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். ஆயினும் அவளைப் பெற்றவள் மாப்பிள்ளை தேடி அலைகிறாள். இன்னொருத்தி கணவனைப் பிரிந்து வந்தவள். நான்காமவள் வேற்று நாட்டவனை மணந்ததால் பிறந்த வீட்டாரைப் பிரிந்தவள். இந்நால்வரும் ஆடவர் பேசும் பச்சைப் பேச்சைத் தாமும் பேசினர். தணிக்கைக் குழு ‘ஏ’ சான்றிதழ் வழங்கிற்று.

அடுத்த ஆண்டு, 2019 மார்ச்சில், தமிழில் ‘90 எம்.எல்.’ வந்தது. இயக்கியவர் அனிதா உதீப் என்னும் பெண்மணி. தலைமைப் பாத்திரம் ஏற்றவர் ஓவியா. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கூடும் பெண்களின் நட்பே கதை. இதற்கும் ‘ஏ’ சான்றிதழே. முன்னோட்டம் வெளியான நாள் முதற்கொண்டே கண்டனம் எழுந்தது. பண்பாடு கெட்டது என்றனர். மேலை நாட்டு இறக்குமதி என்றனர்.

இவ்விரண்டாம் குற்றச்சாட்டைத் தமிழ் கற்றோர் ஆராய்தல் வேண்டும். மணத்தையொட்டிப் பெண்கள் கூடிப் பச்சையாகச் சிரிப்பது நமக்கு வந்தேறியா?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அதன் நிலைக்களன்கள் நான்கு என்றார். இவை ஆடவர்க்கே உரியவை என அவர் வரையறுக்கவில்லை. அகப்பாடல்களில் இந்நகையை மிகுதியும் ஆள்பவள் தோழியே. மடலேறுவேன் என அச்சுறுத்தும் தலைவனை எள்ளுபவள் அவள். வரைவு கடாவுபவள் அவள். பரத்தையிற் பிரிந்து வந்தவனுக்கு வாயில் மறுப்பவளும் அவள். குறிஞ்சிக்கலியில் கபிலர் காட்டும் தலைவி ஒருத்தி, நீர் வேட்டு வந்தவன் தன் கையைப் பற்றியதையும், தான் அலறியதையும், ஓடிவந்த அன்னையிடம் அவனுக்கு விக்கல் என்று பொய் கூறி மறைத்ததையும் தோழியிடம் சிரிக்கச் சிரிக்க உரைக்கின்றாள். அன்னைக்கு ஒரு கூற்று, தோழிக்கு ஒரு கூற்று. மகளிர் பெட்டியின் பேச்சும் இதுவேயன்றோ?

ஏட்டுக்கு வெளியேயும் இந்நகை வாழ்ந்தது. நலங்கின்போது மணமகனையும் சம்பந்தி வீட்டாரையும் பெண்கள் ஏசிப் பாடுவர். அதிற் குலமும் தப்பாது, குணமும் தப்பாது, படுக்கையறையும் தப்பாது. ஆண்டு முழுதும் குரலடக்கி வாழ்ந்த மூதாட்டியே அன்று முதற்குரல் எடுப்பாள். சினம் கொள்ளும் உரிமை யார்க்கும் இல்லை. கரிசல் மண்ணின் பாலியற் கதைகளைத் திரட்டிய கி. ராஜநாராயணன், தம் நூலுக்கு ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்றே பெயரிட்டார். தணிக்கைக் குழு தரும் ‘ஏ’ சான்றிதழை நாட்டுப்புறம் தனக்குத்தானே வழங்கிக்கொண்டது போலும்!

ஆகவே சிரிப்பு இறக்குமதியன்று. அவ்வாறாயின் எதிர்ப்பு எதன்பொருட்டு? 2018இல் ‘இருட்டு அறையில் முரட்டு குத்து’ என்னும் படம் வந்தது. அதுவும் ‘ஏ’ சான்றிதழ் பெற்றதே. கண்டித்தோர் உண்டு, ஆயினும் அதை ஆடவர் குலத்தின் வீழ்ச்சி என்று யாரும் வருந்தவில்லை. பெண்கள் அதே வகைச் சொல்லைச் சொன்னபோதுதான் பெண்குலமே கூண்டில் ஏற்றப்பட்டது. கவிஞர்களுக்கு இவ்வழக்குப் புதிதன்று. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வெளிவந்தபின் எழுந்த கூச்சலை நினைவுகூர்ந்தால் போதும். தலைவன் வருணித்தால் அணி. தானே சொன்னால் ஆபாசம் என்னும் ஒருதலை வழக்கு அது.

எனினும், எதிர்ப்புக்கு உள்ளானது என்பதனாலேயே ஒரு படைப்புச் சிறந்ததாகிவிடாது. இவ்விரு படங்களின் குறையும் வெளிப்படையானது. தமிழ்ப் படத்தின் தலைப்பே மதுவின் அளவு. ஆடவர் கையிலிருந்த குவளையைப் பெண்ணின் கைக்கு மாற்றுவதே விடுதலை என அது பல இடங்களில் மயங்குகிறது. இந்திப் படமோ செல்வர் வீட்டு ஆடையிலும் அணியிலும் திளைக்கிறது. அதன் தலைப்பே ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. ‘வீரே’ என்பது பஞ்சாபியில் சகோதரனை விளிக்கும் சொல். ஆண் நண்பர்கள் தம்முள் வழங்குவது. பெண்களின் நட்பைச் சொல்ல ஆணின் சொல்லைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. நம்மிடமோ ‘தோழி’ என்னும் சொல் ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது.

அப்படங்கள் மேம்படும் இடங்களும் உள. மணமுறிவுக்குக் காரணம் கேட்டு ஊரே தூற்ற, உண்மையை அத்தோழி தன் தோழியரிடம் மட்டும் சொல்கிறாள். அவர்களும் முதலிற் சிரிக்கிறார்கள். அச்சிரிப்பே அவள் நாணத்தைக் கழுவுகிறது. அறத்தொடு நிற்றல் என்று நம் இலக்கணம் ஏழு வகையாகப் பகுத்துச் சொன்னதன் உயிர் இங்கே இருக்கிறது: ஒருத்தியின் மறையை அறிந்தும் அவள் பக்கம் நிற்றல்.

உண்மையான வினா சொல்லின் பச்சையைப் பற்றியதன்று. மணத்திற்குப்பின் தோழி என்னவாகிறாள் என்பதே. சங்கத் தோழி தலைவியின் புதுமனைக்கும் உடன் சென்றாள். மருதத் திணையில் வாயிலில் நின்றாள். கண்ணகிக்காகத் தேவந்தி வஞ்சி வரை வந்து அரற்றினாள். இன்றைய பெண்ணுக்கோ தாலி ஏறும் நாளே தோழியர் பிரியும் நாள். 2017இல் பிரம்மா இயக்கிய ‘மகளிர் மட்டும்’ இத்துயரையே கையில் எடுத்தது. வருங்கால மருமகள் ஒருத்தி, பல்லாண்டுகட்கு முன் பிரிந்த பள்ளித் தோழியரிடம் தன் மாமியாரை அழைத்துச் செல்கிறாள். சோதிகாவும் ஊர்வசியும் நடித்த அப்படத்திற் பச்சைப் பேச்சு இல்லை. ஆயின் நரை கூடிய மூவரின் சிரிப்பு, பறிபோனது எது என்பதைச் சொல்லிவிடுகிறது.

இனி, இவ்வட்டத்தின் முன்னுள்ள கடமை ஒன்று. ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும் திருமண மண்டபங்கள் பெருகிவிட்டன. மண்டபம் மணிக்கணக்கில் வாடகைக்கு வருகிறது. நலங்கு சுருங்கிற்று. ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியதும் மூதாட்டி வாயை மூடிக்கொண்டாள். அவள் பாட்டைத் தொகுக்கச் சென்றவர்களும் ‘கொச்சை’ என்று பாதியை விட்டுவிட்டு வந்தனர். விடுபட்ட பாதியில்தான் பெண்ணின் நகை இருந்தது.

பெருங்களத்தூர், முடிச்சூர், வண்டலூர்ப் பகுதிகளின் பழைய தெருக்களில் அப்பாடல்களை அறிந்த மூதாட்டியர் இன்னும் சிலரேனும் இருப்பர். வட்டத்தின் பெண் கவிஞர்கள் பதினோராம் ஆண்டில் அவர்களிடம் செல்லுதல் வேண்டும். எந்தச் சொல்லையும் திருத்தாமல், எந்த அடியையும் மறைக்காமல் எழுதிக்கொண்டு வருதல் வேண்டும். திரைப்படத்தைப் பழிப்பதும் புகழ்வதும் பின்னர் ஆகட்டும். நம் வீட்டுச் சிரிப்பை முதலிற் கேட்டுவைப்போம்.